நம்மளுதா, எங்களுதா

"தண்ணி நம்மளுதா எங்களுதா பாப்பா?"ன்னு அந்த ஐயா கேட்டப்ப நான் போன்ல டைம் பாத்துட்டு இருந்தேன். அஞ்சே முக்காலுக்கு ஸ்டுடியோவ காலி பண்ணணும், அடுத்த பார்ட்டி அம்மன் பாட்டு ரெக்கார்டிங்குக்கு ஆர்மோனியத்தோட வெளில வந்து உக்காந்தாச்சு. "எங்களுதுன்னே வச்சுக்கங்கய்யா, எவனுக்குத் தெரியப் போவுது"ன்னுட்டேன். சொன்னது அவ்வளவுதான். ஒரு வருஷம் ஆவப்போவுது, இன்னும் உறுத்துது.

வேலை என்னன்னா ஒரு அனிமேஷன் சீரியலுக்கு சதுப்பு நிலத்துல வாழுற ஒரு கூட்டத்துக்கு மொழி பண்ணிக் குடுக்கணும். படம் வரைஞ்சவங்க அந்த ஆளுங்களுக்கு கோரப்பல்லு வச்சுட்டாங்க, உதடு ஒட்டாது, அதனால ப, ம எதுவும் கிடையாதுன்னு முதல் நாளே முடிவு. இது ஒண்ணும் அதிசயம் இல்ல, வட அமெரிக்காவுல மோஹாக் மொழில சொந்த வார்த்தை எதுலயும் உதடு ஒட்டுற ஒலி கிடையாது, பல்லு நல்லாத்தான் இருக்கு அவங்களுக்கு. அப்புறம் தமிழ் வாடை அடிக்கக்கூடாதுங்கிறதுக்காக, தொல்காப்பியத்துல சொல்லுக்கு முதல்ல வராதுன்னு விட்ட எழுத்தா பொறுக்கி முதல்ல போட்டேன். தண்ணிக்கு "ழூ". எழுவாயக் கொண்டுபோய் வாக்கியத்தோட கடைசில வச்சேன், ஸ்டார் ட்ரெக் படத்துக்காகப் பண்ணின கிளிங்கான் மொழில அப்படித்தான். இதெல்லாம் எனக்கு ரொம்ப சாமர்த்தியமாப் பட்டுச்சு அப்ப.

ஆனா ஒண்ண மட்டும் தமிழ்லேந்து விட மனசு வரல. நாம, நாங்க. கேக்குறவனயும் சேத்துக்கிட்டா "ஙொ", சேக்கலன்னா "டெ". இங்லீஷ்லயும் ஹிந்திலயும் இந்தப் பிரிவு இல்ல, கன்னடத்துல இருந்து தொலைஞ்சு போச்சு, பாப்புவா நியூ கினியால டோக் பிசின்னு ஒண்ணு பேசுறாங்க, அது இங்லீஷ்லேந்து பொறந்த மொழிதான், ஆனா அதுல "யுமி", "மிபெலா"ன்னு ரெண்டு தனித்தனியா வச்சிருக்காங்க. யு, மி, நீயும் நானும். எவ்வளவு அழகு பாருங்க. டைரக்டர் மும்பைக்காரர், அவர்ட்ட இதப்பத்தி போன்ல இருபது நிமிஷம் லெக்சர் அடிச்சேன். அவ்வளவு பேசிட்டு, அத உபயோகப்படுத்த வேண்டிய முக்கியமான எடம் வந்தப்ப போன்ல டைம் பாத்திருக்கேன்.

தலைவன் வெளியூர்ப் பொண்ணுகிட்ட சொல்ற டயலாக் அது. எனக்கு வந்த ஷீட்ல இங்லீஷ்ல ஒரு வரி, அதுல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. படம் காட்டல. அதுக்கு முந்துன வரில தலைவன் கத்துறான், அதனால கோவத்துல சொல்றான்னு நெனச்சேன். நியாயந்தானே?

ஐயா அந்தக் காலத்துல நாடகத்துல ராஜபார்ட் கட்டுனவரு, தலைஞாயிறு பக்கம். அவருக்கு "ழூ"ன்னு ஆரம்பிக்கவே வரல, ஒவ்வொரு தடவையும் "இழூ"ன்னு ஒரு இ சேந்துடும், ராமன இராமன்னு ஆக்கின அதே நாக்கு. நாலு டேக் போயிருச்சு, எனக்கு எரிச்சல். அப்பத்தான் அவரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன கழட்டி வச்சுட்டு நிதானமா கேட்டாரு. நான் பதில் சொன்னதும், "சரி பாப்பா. நாங்க கடைமடை. மேட்டூர ஜூன் 12 தொறந்தாலும் எங்களுக்கு எப்ப வந்து சேருதோ. இந்த வார்த்தைய நாங்க வாங்கித்தான் பழக்கம், சொல்லிப் பழக்கமில்ல"ன்னு சொல்லிட்டு, ஹெட்போன மாட்டி, "ழூ டெஷ்"ன்னு ஒரே டேக்ல இ இல்லாம சொன்னாரு பாருங்க. மிரட்டல்னா அப்படி ஒரு மிரட்டல். நான் கை தட்டினேன். ஆமா, தட்டினேன்.

படம் வந்தப்பத்தான் பாக்குறேன், தலைவன் அந்தப் பொண்ணுக்கு ஒரு கொட்டாங்குச்சி மாதிரி ஒண்ணுல தண்ணி மொண்டு நீட்டுறான். நீட்டிக்கிட்டே அந்தக் குரல்ல "எங்க தண்ணி"ங்குறான். தமிழ் டப்பிங்குக்கும் என் ஷீட்டப் பாத்துத்தான் எழுதியிருக்காங்க, அதுலயும் எங்க தண்ணி. பிச்சை போடுற மாதிரி இருக்கு.

யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டாங்க. எங்க அம்மாகிட்ட போட்டுக் காமிச்சேன், அம்மா "ஏன், எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்கன்னு சொல்றதில்லயா, அந்த மாதிரிதான் இருக்கு"ன்னுது. அதுவும் சரிதான். விருந்தாளிய எங்க ஊருக்கு வாங்கன்னுதானே கூப்புடுறோம். அதே சமயம் கும்மோணத்துல மளிகைக்கடைக்காரர் மொதத் தடவ போறவங்கள்ட்டகூட "நம்ம கடைதான், எடுத்துக்கங்க"ங்குறாரு, காசு வாங்காம விடுறாரா என்ன. நம்மன்னு சொன்னா சேத்துக்கிட்டதாவும் அர்த்தமில்ல. இப்படியெல்லாம் யோசிச்சா நான் பண்ணது தப்பே இல்லன்னு ஆயிடுது, ஆனா ஒத்துக்க முடியல, ஏன்னா அந்த மொழி நான் பண்ணது, அதுல மரியாதைக்காக நம்ம சொல்ற வழக்கம்னு ஒண்ணு நான் வைக்கவே இல்ல. ஙொன்னா நீயும் சேத்தி, டென்னா நீ கிடையாது. அம்புட்டுதான் இலக்கணம்.

ஐயாகிட்ட இதச் சொல்லணும்னு ரெண்டு தடவ போன் எடுத்தேன். மொதத் தடவ பேமென்ட் வந்துச்சான்னு கேட்டுட்டு வச்சுட்டேன். ரெண்டாவது தடவ அவரே "தண்ணி வந்துருச்சு பாப்பா, நாத்து விட்டாச்சு"ன்னு ஆரம்பிச்சுட்டாரு, அதுக்கு நடுவுல என் தண்ணிய எங்கேந்து எடுக்குறது.

போன வாரம் ரெண்டாவது சீசன் ஷீட் வந்துச்சு. அதே தலைவன், இந்தத் தடவ நிலம். இப்பவும் ஒரே வார்த்தைதான் இருக்கு. உடனே டைரக்டருக்கு மெயில் போட்டேன், கேக்குற ஆளு இதுல சேத்தியா இல்லயா, சீன் அனுப்புங்க, பாக்காம எழுத மாட்டேன்னு கொஞ்சம் காட்டமாவே. ராத்திரி பதில் வந்துச்சு, எது சின்னதோ அதப் போட்டுருங்கன்னு.

ஙொ. டெ. ரெண்டும் ஒத்தைக் குறில்தான்.