பூனைக்கு ஊசி போட்டு வந்த பிறகு

என்ன மருந்து, உடம்பில் எந்த இடத்தில் போட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் கிளினிக்கை விட்டுக் கிளம்பாதீர்கள். தடுப்பூசியா, ஸ்டீராய்டா, மயக்க மருந்தா என்பதைப் பொறுத்துத்தான் வீட்டில் கவனிக்க வேண்டியதும் மாறும்.

தடுப்பூசி என்றால் அரை மணி நேரம் அங்கேயே காத்திருப்பது நல்லது. கடும் ஒவ்வாமை அபூர்வம்தான். ஆனால் வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்துக்குள்ளோ வந்துவிடும். முகம் வீங்குவது, அடுத்தடுத்து வாந்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு வெளுப்பது, துவண்டு விழுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கூண்டின் கதவைத் திறந்துவிட்டு விலகிவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தால் இழுக்க வேண்டாம். தண்ணீரும் மணல் தட்டும் பக்கத்தில் இருந்தால் போதும். இன்னொரு பூனை இருந்தால் சில மணி நேரம் தனி அறை. கிளினிக் வாசனையோடு வரும் பூனையைக் கூடப் பிறந்ததுகூட அடையாளம் தெரியாமல் சீறும்.

ஓரிரு நாள் சோர்வு, லேசான காய்ச்சல், பசிக் குறைவு எல்லாம் இயல்பு. பூனையின் சாதாரண உடல் வெப்பமே 38.1 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அதனால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டாதீர்கள். ஈர உணவை லேசாகச் சூடாக்கி வைத்தால் வாசனைக்கே வாய் வைக்கும். ஒரு நாள் முழுக்க எதுவும் தொடவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும்.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கால் மாத்திரை, குழந்தைகள் சிரப் எதுவும் வேண்டாம். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் என்சைம் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. அதனால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய் ஈறு பழுப்பாகிவிடும். ஒரே மாத்திரையில் உயிர் போகலாம். இபுப்ரோஃபென், ஆஸ்பிரினும் வேண்டாம். தெரியாமல் கொடுத்திருந்தால் அறிகுறி வரும்வரை காத்திராமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தோலுக்கடியில் சலைன் ஏற்றியிருந்தால் முதுகில் பை போல் தொங்கும், சில நேரம் முன்னங்காலுக்கு இறங்கும். பயப்பட வேண்டாம், ஒரு நாளில் வடிந்துவிடும். ஸ்டீராய்டு போட்டிருந்தால் தாகமும் சிறுநீரும் கூடும். மணல் தட்டை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். மயக்க ஊசி என்றால் தள்ளாடாமல் நடக்கும்வரை தரையோடு ஒரு மூலையில், கதகதப்பாக வையுங்கள். சோபா, ஜன்னல் திண்டு எதிலும் ஏற விடாதீர்கள். முழுசாகத் தெளியாமல் உணவு கொடுத்தால் புரையேறும். தெளிந்த பிறகும் முதலில் வழக்கத்தில் கால் பங்குதான்.

ஊசி போட்ட இடத்தில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்படலாம். நீவவோ ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம், வாரம் ஒரு முறை அளவெடுத்து எழுதிவையுங்கள். 3 மாதம் தாண்டியும் இருந்தால், 2 சென்டிமீட்டரைத் தாண்டினால், அல்லது 1 மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டிருந்தால் பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதனை, பார்க்க வேண்டும். அபூர்வமாக அந்த இடத்தில் புற்றுநோய் வருவதுண்டு. காலின் கீழ்ப்பகுதியில் தடுப்பூசி போடச் சொல்வதும் இதனால்தான்: கழுத்துக்குப் பின்னால் வந்தால் முழுதாக வெட்டி எடுப்பது கடினம், காலில் வந்தால் காலை எடுத்தாவது பூனையைக் காப்பாற்றப் பார்க்கலாம்.