மாஸத்தில் ஓல்ட் பிக்யூலியர்: பத்துக்கு ஒன்பது

இங்கிலாந்தின் ரிப்பன் நகரிலிருந்து மாஸம் என்னும் சிற்றூருக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தூரம். அந்தத் தூரத்துக்கு ஒரு டாக்சி ஓட்டுநர் என்னிடம் 45 பவுண்டு வாங்கினார் என்பதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றவற்றை நிதானமாக எழுத முடியும். தொலைபேசியில் 28 என்று சொன்னவர், சந்தைத் திடலில் இறக்கிவிட்டபோது, திரும்பும் வழியில் வண்டி காலியாகப் போக வேண்டுமே என்று காரணம் காட்டித் தொகையை ஏற்றினார். நேரத்துக்கு வர வேண்டிய பேருந்து வராததால் சாலையோரம் நின்றிருந்தவனிடம் பேரம் பேசும் தெம்பு இருக்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இங்கிலாந்தின் பெரும்பாலான உள்ளூர்ப் பேருந்துகளில் ஒருவழிக் கட்டணத்தின் உச்சவரம்பு 3 பவுண்டு. ஆகவே, எங்கள் பணக்கணக்கில் ஐயாயிரம் ரூபாயை ஒட்டிய தொகை ஊருக்குள் கால் வைக்கும் முன்பே போய்விட்டது.

இவ்வளவு செலவழித்து அங்கே போவதற்கு எனக்கு இருந்த ஒரே காரணம் ஓல்ட் பிக்யூலியர் என்னும் கறுத்த ஏல், அதாவது ஒரு வகை பீர். வடக்கு யார்க்‌ஷயரில் யூர் ஆற்றை ஒட்டியுள்ள இந்த ஊரில் 1827-ஆம் ஆண்டு ராபர்ட் தீக்ஸ்டன் ஒரு சத்திரத்தையும் அதனோடு இருந்த பீர் காய்ச்சும் கூடத்தையும் எடுத்து நடத்தத் தொடங்கினார்; இந்த ஏலைக் காய்ச்சும் தீக்ஸ்டன் ஆலை அப்படித்தான் பிறந்தது. 1875-இல் கட்டப்பட்ட கோபுர வடிவ ஆலையில்தான் இன்றும் வேலை நடக்கிறது. மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, உச்சிக்கு ஏற்றிவிட்டால், பிறகு ஒவ்வொரு கட்டமும் தன் எடையாலேயே கீழ்த்தளத்துக்கு இறங்கி வரும் வகையில் அன்றைக்கே திட்டமிட்டிருக்கிறார்கள். இடையில் பெருநிறுவனங்களின் கைக்குப் போன ஆலையைக் குடும்பத்தினர் 2003-இல் திரும்ப வாங்கினர். ஆலையைச் சுற்றிக் காட்டக் கட்டணம் உண்டு. வெந்நீரில் ஊறும் மால்ட்டின் வாசனைக்காகவே அதைக் கொடுக்கலாம்.

ஓல்ட் பிக்யூலியர் போத்தலின் முகப்பில் இருக்கும் முத்திரை, இடைக்காலத்தில் இவ்வூரில் ஏற்பட்ட தேவாலய நீதிமன்றத்துக்குரியது. யார்க் பேராயரின் அதிகாரிகள் தலையிட முடியாத தனி உரிமை அதற்கு இருந்தது. அது விசாரித்த குற்றங்களின் பட்டியலை வாசித்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. குடிவெறி, வசைமொழி போன்றவற்றோடு, கல்லறைத் தோட்டத்திலிருந்து மண்டையோட்டைக் கொண்டுபோய் ஒருவரைத் தூங்கவைப்பதற்காக அவர் தலைக்கடியில் வைத்ததும் அதில் இருக்கிறது. குடிகாரர்களைத் தண்டித்த மன்றத்தின் முத்திரையை 5.6 சதவீத ஆல்கஹால் கொண்ட பானத்தின் மேல் ஒட்டியவரின் நகைச்சுவை உணர்வை நான் மதிக்கிறேன்.

இனி ஏலுக்கு வருவோம். பப்பில் இது பீப்பாயிலிருந்து கைப்பம்பினால் இழுத்து ஊற்றப்படுகிறது. வடிகட்டாமல், சூடாக்கிக் கிருமி நீக்காமல், உயிருள்ள ஈஸ்ட்டோடு நிலவறைக்கு வந்து, பீப்பாய்க்குள்ளேயே மீண்டும் நொதித்துப் பக்குவப்படும் பானம் இது. இத்தகைய ஏல் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகவே 1971-இல் கேம்ரா என்னும் குடிப்போர் இயக்கம் உருவானது. பரிமாறும் வெப்பநிலை ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸ் என்பதால், பனிக்கட்டியாய்க் குளிர்ந்த பீருக்குப் பழகியவர்கள் முதல் வாயிலேயே முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு என் ஆலோசனை, ஐந்து நிமிடம் பொறுங்கள் என்பதே. குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்யும். இந்த ஏலில் நாக்கு கவனிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

கிளாஸில் கறுப்பாகத் தெரிவது சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஆழ்ந்த மாணிக்கச் சிவப்பாகிறது. மூக்கருகே கொண்டுவந்தவுடன் உலர்திராட்சையும் கனிந்த வாழைப்பழமும் எழுகின்றன. முதல் மடக்கில் இனிப்புதான் வருகிறது, ஆனால் அது சர்க்கரையின் தட்டையான இனிப்பன்று; கருப்பட்டியைப் போல அடியில் ஒரு கருகலும் லேசான உப்புத்தன்மையும் கொண்ட இனிப்பு. அது தொண்டையில் இறங்கிய பிறகு வறுத்த தானியத்தின் கசப்பு மெல்லத் தலைகாட்டி, பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூக்களின் மண்வாசத்தோடு வெகுநேரம் நிற்கிறது. நுரை குறைவு, வாயு அதைவிடக் குறைவு. அதைக் குறையென்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் வாயு அதிகமிருந்தால் இந்தக் கனம் சிதறிப்போகும்.

பத்துக்கு ஒன்பது கொடுக்கிறேன். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம், அரை பைன்ட் வரை அற்புதமாக இருப்பது முழு பைன்ட்டின் கடைசிப் பகுதியில் சற்றுத் திகட்டுகிறது. மேலும் 568 மில்லிலிட்டர் கொண்ட ஒரு பைன்ட்டில் 3 யூனிட்டுக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறது (ஒரு யூனிட் என்பது 10 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால்). இனிப்பு அதை மறைத்துவிடும். அரை பைன்ட்டாக வாங்குவது பணத்துக்கும் நல்லது, தலைக்கும் நல்லது. லீட்ஸ் நகரில் வாங்கிய இதே ஏலின் போத்தலுக்கு ஆறு மதிப்பெண்தான். பழவாசனை இருந்தது, ஆழம் இல்லை.

அடுத்துக் குடித்தது பிளாக் ஷீப் ஆலையின் ரிக்வெல்ட்டர். தீக்ஸ்டன் குடும்பத்தைச் சேர்ந்த பால் தீக்ஸ்டன், குடும்ப ஆலை பிறர் கைக்குப் போன பிறகு, அதே ஊரில் 1992-இல் போட்டியாகத் தொடங்கிய நிறுவனம் அது. 5.9 சதவீதம், வறுத்த காபியின் கசப்பு முன்னுக்கு நிற்கிறது. ஏழரை கொடுக்கலாம், திகட்டாது, ஆனால் மறுநாள் நினைவிலும் நிற்காது.

சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் பாவம். மாட்டிறைச்சியை இதே ஏலில் மணிக்கணக்காக வேகவைத்து, மாவுறைக்குள் பொதிந்து சுட்ட ‘பை’ (pie) ஒன்று, விலை பதினேழு பவுண்டு என்று பார்த்துத் தயங்கி, இருவராகப் பகிர்ந்தோம். குழம்பில் ஏலின் இனிப்பு இறைச்சிக்குள் ஊறியிருந்தது. அதைவிடப் பெரிய வியப்பு, பழக் கேக் துண்டின் மேல் வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டியை வைத்துத் தின்னும் யார்க்‌ஷயர் வழக்கம். உதிரும் புளிப்புக் கட்டி, பழத்தின் இனிப்பு, மேலே ஒரு மடக்கு ஓல்ட் பிக்யூலியர்: மூன்றும் சேர்ந்த அந்தத் தட்டின் விலை பையின் பாதிகூட இல்லை. மாஸம் போகிறவர்கள் பையை விட்டுவிட்டு இதை இரண்டு முறை வாங்கலாம்.

எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்கு: ரிப்பனில் ரயில் நிலையம் கிடையாது. லீட்ஸிலிருந்தோ ஹாரோகேட்டிலிருந்தோ 36-ஆம் எண் பேருந்தில் ரிப்பன் வந்து, அங்கே மாஸம் பேருந்துக்கு மாற வேண்டும். அந்தப் பேருந்துகள் அரிதானவை, மாலையில் விரைவில் நின்றுவிடும் என்பதால் கடைசி வண்டியின் நேரத்தைப் பார்த்துக்கொண்டே குடிக்க வேண்டியிருக்கும். டாக்சிதான் வழியென்றால், தொகையைக் குறுஞ்செய்தியில் எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள். செப்டம்பரில் நடக்கும் செம்மறியாட்டுத் திருவிழா நாட்களில் அறை கிடைப்பது கடினம். ரிப்பனில் தங்கிப் பகலில் வந்துபோவதே மலிவு.