அஞ்செட்டி காட்டு ரோடும் ஸ்லாஷர் படங்களும்

போன வாரம் அஞ்செட்டியிலருந்து ஒகேனக்கல் போற ரோட்டுல பைக்ல வந்துட்டிருந்தேன், பொழுது சாஞ்சிருச்சு, போன்ல சிக்னல் சுத்தமா இல்ல, நியாயமா யானைக்குத்தான் பயப்படணும் ஆனா மண்டைக்குள்ள ஓடுனது 2003ல வந்த ராங் டர்ன் படம். ரோட்டுல ஒரு தப்பான பக்கம் திரும்பி கொலைகாரங்ககிட்ட மாட்டிக்கறது, அவ்ளோதான் கதை. அது நமக்கும் நடக்கலாம்ல?

காட்டுலயோ பட்டிக்காட்டுலயோ நடக்குற ஸ்லாஷர் படம், அதான் கொலைகாரன் ஒவ்வொருத்தரா வெட்டிச் சாய்க்கிற பயப்படம், நல்லா இருக்கறதுக்கு ரத்தம் காரணம் இல்லங்க. 1974ல டோப் ஹூப்பர் எடுத்த டெக்சாஸ் செயின்சா மாசக்கர் பாருங்க, பேர கேட்டா ஒரே வெட்டுக்குத்தா இருக்கும்னு தோணும், ஆனா திரையில ரத்தம் ரொம்ப கம்மி. கொளுத்துற வெயிலு, எங்கயோ ஓடுற ஜெனரேட்டர் சத்தம், எலும்பு வச்சு ஜோடிச்ச ரூமு, பட்டப்பகல்ல திடீர்னு அந்த கொலைகாரன் ஒரு இரும்புக் கதவ இழுத்து சாத்துவான் பாருங்க, அந்த சத்தம் எனக்கு இன்னும் காதுலயே இருக்கு. உள்ள என்ன நடக்குதுன்னு நம்ம மனசே படம் ஓட்டிக்கும்.

ஒண்ணு மட்டும் உறுத்துது. இந்த படங்கள்ல பட்டிக்காட்டு ஆளுன்னாலே மிருகம். எங்க பென்னாகரம் பக்கம் வழி கேட்டா உக்கார வச்சு மோர் குடுத்துத்தான் அனுப்புவாங்க. டவுன்காரன் பயத்த மட்டுமே காட்டுற படம் சீக்கிரம் சலிச்சிரும், அந்த கொலைகார வீட்டு ஆளுங்களுக்கும் ஒரு பொழப்பு, ஒரு குடும்பம்னு காட்டுற படம்தான் ராத்திரி தூங்க விடாது.