பிளகின் ஜிப்பைப் பிரிக்காமலே போட முடிய வேண்டும்

வேலூர் பக்கம் சின்னச் சின்ன இணையதளங்களைக் கவனித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் புரோகிராமர்கள் இல்லை. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு அருகே லாட்ஜ் வரவேற்பில் உட்காருபவர், ராணிப்பேட்டையில் தோல் பை விற்பவர், ஆம்பூர் ஷூ கம்பெனியின் கணக்கர் என்று இருப்பார்கள். இணையதளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் உள்ளே போய், கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரலான பிளகினை ஏற்ற 'அப்லோட் பிளகின்' அழுத்தத் தெரியும். சர்வருக்குக் கோப்புகளை நேரடியாக அனுப்பும் எஃப்டிபி தெரியாது, தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. டாஷ்போர்டில் இருந்தபடியே பிளகின் போடும் வசதி 2008 டிசம்பரில் வந்த 2.7 பதிப்பிலேயே வந்துவிட்டது. இருந்தும் தனியாக எழுதிக் கொடுக்கிற பிளகின் பலவற்றோடு 'இன்ஸ்டால் செய்வது எப்படி' என்று ஒரு பக்கக் காகிதம் சேர்ந்தே வருகிறது. அதில் உள்ள ஒவ்வொரு வரியும் எழுதியவர் முடித்திருக்க வேண்டிய வேலை.

'முதலில் ஜிப்பைப் பிரிக்கவும்' என்ற வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு கையேடு, ஒரு உரிமக் கோப்பு, அசல் பிளகின் இன்னொரு ஜிப்பாக. இதை அப்படியே ஏற்றினால் 'நோ வேலிட் பிளகின்ஸ் வேர் ஃபவுண்ட்' என்று வந்து நிற்கும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் வேர்ட்பிரஸ் மேல் ஃபோல்டரில் உள்ள பிஎச்பி (பிளகின் எழுதும் மொழி) கோப்புகளில்தான், தொடக்கத்தில் எழுதும் பிளகின் பெயர்த் தலைப்பைத் தேடும். சரியான அமைப்பு எளிது: ஜிப்புக்குள் ஒரே ஒரு ஃபோல்டர், அதைத் திறந்தவுடன் தலைப்புள்ள முதன்மைக் கோப்பு.

அந்த ஃபோல்டரின் பெயரில் பதிப்பு எண் கூடாது. நிரலைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 'டவுன்லோட் ஜிப்' கொடுத்தால் ஃபோல்டர் பெயரின் வாலில் 'மெயின்' ஒட்டிக்கொள்ளும். பதிப்புக்கு இடும் அடையாளமான டேக்கில் இருந்து எடுத்தால் 1.2.0 என்று எண் ஒட்டும். 5.5 பதிப்பு முதல், ஏற்கெனவே உள்ள பிளகினின் ஜிப்பை ஏற்றினால் 'பழையதை மாற்றவா' என்று வேர்ட்பிரஸ் கேட்கும். ஆனால் அது ஃபோல்டர் பெயரை வைத்துத்தான் அடையாளம் காணும். பெயர் மாறினால் இரண்டு தனித்தனி பிளகின்கள். இரண்டையும் ஆக்டிவேட் செய்யப் போனால் ஒரே பெயர் இரண்டு முறை வந்ததாகச் சொல்லும் 'கேன்னாட் ரீடிக்ளேர்' பிழை. உடனே போனில் நாம் சொல்வது: 'பழையதை டெலீட் பண்ணுங்க சார்.' டெலீட் செய்ததும் அன்இன்ஸ்டால் கோப்பு ஓடி, லாட்ஜுக்கு வந்த அறை விசாரணைகள் இருந்த தரவுத்தள டேபிளையும் சேர்த்து அழிக்கும். ஒரு ஃபோல்டர் பெயர் செய்யும் வேலை இது. டேபிளை அழிப்பதைத் தனி டிக் பெட்டியாக செட்டிங்ஸில் வைத்து, டிக் இல்லாத நிலையில் விடுவதே முறை.

கிட்ஹப் தானாகச் செய்து தரும் ஜிப்பில் பிறர் எழுதிய நிரல்களை இறக்கித் தரும் கம்போசர் கொண்டுவரும் 'வென்டார்' ஃபோல்டர் பொதுவாக இருக்காது. ஆக்டிவேட் செய்யும்போது ஃபேட்டல் எரர். எனவே வென்டாரைச் சேர்த்து, டெஸ்ட் கோப்புகளையும் உருவாக்கும்போது மட்டும் தேவைப்படும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரையும் தவிர்த்து நீங்களே ஒரு ஜிப் கட்டி, கிட்ஹப் ரிலீஸில் இணையுங்கள். 2 எம்பிக்குள் அடக்கப் பாருங்கள். பிஎச்பியின் இயல்பு அப்லோட் வரம்பு அவ்வளவுதான்; பல ஹோஸ்டிங்கில் கூட்டி வைத்திருப்பார்கள், எல்லாரும் அல்ல. ஒரு படிவம் மொத்தமாக அனுப்பக்கூடிய போஸ்ட் வரம்பு 8 எம்பி. அதைத் தாண்டினால் 'லிங்க் எக்ஸ்பயர்டு' என்று சம்பந்தமே இல்லாத செய்தி வரும், லாட்ஜ்காரர் லிங்க்கைத் தேடிக்கொண்டிருப்பார்.

நமக்கென்றே உள்ள ஒரு தொல்லை: பிளகின் நிரலுக்குள் தமிழ் எழுத்து வைத்துப் பழைய விண்டோஸ் நோட்பேடில் யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால், கோப்பின் தலையில் பிஓஎம் என்ற 3 பைட் சேரும். '3 கேரக்டர்ஸ் ஆஃப் அன்எக்ஸ்பெக்டட் அவுட்புட்' என்று ஆக்டிவேட் திரையில் பார்த்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். பிஓஎம் இல்லாமல் சேமிக்கும் எடிட்டருக்கு மாறுங்கள். ஃபோல்டர் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு விண்டோஸில் கண்ணுக்குப் படாது, லினக்ஸ் சர்வரில் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' ஆகும். பிஎச்பி குறைந்தபட்சப் பதிப்பைத் தலைப்பில் 'ரிக்வயர்ஸ் பிஎச்பி' என்று எழுதிவிட்டால் வேர்ட்பிரஸ் 5.2 பதிப்பு முதல் அதுவே தடுத்து, காரணத்தையும் சொல்லும்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது ஆக்டிவேஷன் ஹுக், அதாவது ஆக்டிவேட் செய்யும் நேரத்தில் வேர்ட்பிரஸ் ஓட்டும் நிரல். டேபிள் உருவாக்குவது, பட்டியல் நிரப்புவது எல்லாவற்றையும் அதில் எழுதுவார்கள். அது ஆக்டிவேட் செய்யும்போது மட்டுமே ஓடும், அப்டேட்டில் ஓடாது. விசாரணைப் படிவத்தில் மாவட்டப் பட்டியல் இருக்கிறது என்று வையுங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. பட்டியலைத் திருத்திப் புதுப் பதிப்பு விட்டாலும், ஏற்கெனவே போட்டவர்களின் டேபிளில் வாணியம்பாடியும் அரக்கோணமும் வேலூரிலேயே கிடக்கும். 'டிஆக்டிவேட் செய்து மறுபடி ஆக்டிவேட் செய்யவும்' என்று காகிதத்தில் ஒரு வரி கூடும். அதற்குப் பதில், டேபிள் பதிப்பு எண்ணை ஆப்ஷனாகச் சேமித்து, பிளகின்கள் எல்லாம் ஏறியதும் ஓடும் 'பிளகின்ஸ் லோடட்' ஹுக்கில் ஒப்பிட்டு, எண் குறைவாக இருந்தால் மாற்றத்தை ஒருமுறை ஓட்டி எண்ணை ஏற்றுங்கள். ஊரை மாவட்டப் பெயரோடு ஒட்டிச் சேமிக்காமல் தனிக் குறியீடாக வைத்தால், மாவட்டம் மாறும்போது ஒரு வரி திருத்தம் போதும். டேபிள் அமைப்பைப் புதுப்பிக்கும் வேர்ட்பிரஸ் ஃபங்ஷனான டிபி டெல்டா பயன்படுத்துபவர்கள் 'பிரைமரி கீ'க்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இரண்டு இடைவெளி விட வேண்டும்.

வெளியிடுமுன் சோதனையை உங்கள் லேப்டாப்பில் செய்யாதீர்கள். மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் வெறும் வேர்ட்பிரஸ் போட்டு, முந்தைய பதிப்பின் ஜிப்பை ஏற்றி, இரண்டு மூன்று விசாரணைகளைத் தமிழில் பதியுங்கள். பிறகு புது ஜிப்பை மேலேயே ஏற்றிப் பாருங்கள். 'மாற்றவா' என்று கேட்கவில்லை என்றால் ஃபோல்டர் பெயர் தவறு. கேட்டு, மாற்றி, பதிந்தவை அப்படியே இருந்தால் அந்தக் காகிதத்தை அச்சடிக்கத் தேவையில்லை.