பரீட்சைகளை முதலில் குறித்த அட்டவணை

2002இல் நான் ஒன்பதாம் தரத்தில் கற்றுக்கொண்டிருந்தபோது, போரால் மூடப்பட்டிருந்த, யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. முகமாலைச் சோதனைச்சாவடியைத் தாண்டித் தரைவழியாகக் கொழும்புக்குப் போய்வர வழி பிறந்ததும், தமிழ்த் தினப் போட்டி, சதுரங்கம், விவாதம், சாரணர் பாசறை என்று எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் பெயர் கொடுக்க எம் வகுப்பில் பலர் துடித்தோம். மருத்துவபீடத்தைக் குறிவைத்திருந்த மாணவர்களுக்கும் அந்த வேட்கை குறைவாக இருக்கவில்லை. உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளிலிருந்து கணிக்கப்படும் இசற் புள்ளியையே (Z-score) அடிப்படையாகக் கொண்ட இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில், மிகச் சிலருக்கான சிறப்பு ஏற்பாட்டைத் தவிர, இவற்றுக்கு இடமில்லை என்பதை அறிந்துகொண்டேதான் நாம் ஆசைப்பட்டோம்.

எமது சாரணர் பொறுப்பாசிரியர் ஒருவரையும் தடுக்கவில்லை. கொப்பித் தாளில் தரம் 9 முதல் 13 வரை கோடு கீறச் செய்து, 2004 டிசம்பரில் சாதாரண தரம், 2007 ஆகஸ்டில் உயர்தரம் என்று பரீட்சைகளை முதலில் குறிக்கச் சொன்னார். எஞ்சிய கட்டங்களில்தான் மற்றவற்றை எழுதலாம். "எட்டு மன்றத்தில உறுப்பினராய் இருக்கிறதை விட ஒரு மன்றத்துக்குச் செயலாளராய் இரு, தம்பி" என்று அவர் கூறியதற்கிணங்க, சாரணியத்தையும் தமிழ் மன்றத்தையும் இறுதிவரை வைத்துக்கொண்டு, சதுரங்கத்தைப் பத்தாம் தரத்தோடு நிறுத்துவதென முடிவு செய்தேன்.

தமிழ் மன்றச் செயலாளர் பதவி எனக்குக் கற்பித்தவை ஏராளம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கூடும் மன்றத்தில், சென்ற கூட்ட அறிக்கையை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அது திருத்தங்களுடன் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்ட பின்னரே அன்றைய நிகழ்ச்சி தொடங்கும். பேசியவர் சொல்லாத ஒரு சொல்லை எழுதியிருந்தாலும் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயரும். பிறர் கருத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதும் அந்தப் பயிற்சி, பின்னாளில் அலுவலக அறிக்கைகளை எழுதும்போது எனக்குப் பேருதவியாக இருந்தது. எந்தச் சான்றிதழிலும் இது பதிவாகவில்லை.

சாரணியத்தில் முதலாண்டு கயிறும் கூடாரமும், அடுத்த ஆண்டு முதலுதவி, பின்னர் அணித்தலைவர் பொறுப்பு என்று படிப்படியாகச் சுமை ஏறியது. சாதாரண தரப் பரீட்சை முடிந்து சில நாள்களில், 2004 டிசம்பர் 26ஆம் திகதி, ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையைத் தாக்கியபோது, நலன்புரி நிலையத்தில் காயங்களுக்குக் கட்டுப்போடவும், குடும்ப விவரங்களைப் பதிந்து உணவுப் பொதிகளை வரிசைப்படி வழங்கவும் எமது அணிக்கு முடிந்தது. ஒரே செயற்பாட்டில் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருந்ததன் பயனை அன்று கண்ணாரக் கண்டோம்.

2006 ஆகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டதால் கொழும்புப் போட்டிகளுக்கான கட்டங்கள் வெறுமையாகின. கல்லூரிக்குள் நடந்தவை தொடர்ந்தன. உயர்தரப் பரீட்சைக் காலத்தை ஒட்டியே நல்லூர்த் திருவிழாவும் வரும் என்பதால், இறுதியாண்டில் திருவிழாக் கடமையை இளைய சாரணர்களிடம் ஒப்படைப்பதென அட்டவணையில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. ஒப்படைப்பதற்கும் ஆளைப் பழக்க வேண்டும். அதற்கு ஓராண்டு பிடித்தது.

இன்று இலண்டனில் என் மகள் 14 வயதில் இளையோருக்கான டியூக் ஒஃப் எடின்பரோ விருதின் முதற்படியான வெண்கலப் படியைத் தொடங்கியிருக்கிறாள். தொண்டு, உடற்பயிற்சி, திறன் ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 3 மாதமும், அவற்றுள் ஒன்றுக்கு 6 மாதமும் ஒதுக்கி, ஓரிரவு தங்கும் நடைப்பயணத்தையும் முடிக்க வேண்டும். இங்கே பல்கலைக்கழக விண்ணப்பத்திலும், கல்விக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயனுள்ளது என்று நேரடியாகவே கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு அஞ்சி, வயலின், நீச்சல், பரதம், கராத்தே என்று பிள்ளையின் வார இறுதியை நிரப்பும் எம் தமிழ்ப் பெற்றோர்களைக் காணும்போது மனம் நோகிறது. ஓய்வுக்கும் ஒரு கட்டம் அந்த அட்டவணையில் வேண்டும்.

எமது பழைய மாணவர் சங்கம் ஆண்டுதோறும் கல்லூரிப் புலமைப்பரிசிலுக்கு அனுப்பும் நிதியில் ஒரு பகுதியைக் கூடாரங்களுக்கும், சதுரங்கப் பலகைகளுக்கும், தேசியப் போட்டிக்குச் செல்லும் மாணவரின் பயணச் செலவுக்கும் ஒதுக்கலாம். ஒன்பதாம் தர மாணவர் ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் அமர்ந்து அட்டவணை வரைய, இணையவழியில் உதவ முன்வரும் பழைய மாணவர்களின் பெயர்ப் பட்டியலையும் அத்துடன் சேர்த்து அனுப்புமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.