முழங்கால் உயரத்தில் ஒரு கேமரா: சாப்டூர் மலையடிவாரம்

மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, பேரையூர் வழியாகச் சாப்டூர் போகும் சாலையில், பேரையூர் தாண்டியதும் மேற்கே மலை சுவர்போல எழுந்து நிற்கும். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் மண் மெல்ல முடிந்து தோப்புகள் தொடங்கும். அந்த மலை, 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். பரப்பு 1,016 சதுர கி.மீ.; தமிழ்நாட்டில் ஐந்தாவது. வைகை பிறக்கும் வருசநாட்டு மலைகளும் இதோடு சேர்ந்தவைதான். மதுரைக்காரர்களுக்கு இது தூரத்துக் காடு இல்லை, நம் ஆற்றின் தலைமாடு. இங்கே தானியங்கிக் கேமராக்களை வைத்துப் புலிகளை எப்படி எண்ணுகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சதுரகிரிக்குப் போகும் பக்தர்களின் பாதை இந்தக் காட்டின் வழியாகவே செல்கிறது. அதைத் தாண்டி உள்ளே காலடி வைக்க வனத்துறை அனுமதி கட்டாயம். வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவராவது முன்னால் நடக்க வேண்டும். யானை எந்த ஓடை வளைவில் நிற்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தக் கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதி. கோடையில் ஓடைகள் வற்றி மணல் படுகைகளாகிவிடும். புலி நடக்க விரும்புவது அந்தப் படுகைகளில்தான். காலடித் தடம் கிடைத்ததும் அளவுகோலை நீட்டுவதற்கு முன் மண்ணைப் பார்க்க வேண்டும். ஈரச் சேற்றிலும் ஆழ மணலிலும் தடம் விரிந்துவிடும். சிறுத்தையின் கால்கூடப் புலியுடையதாகத் தெரியும். கெட்டித் தரையின் மேல் மெல்லிய புழுதி படிந்த இடத்துத் தடத்தையே நம்பலாம். அதுவும் புலி வந்து போனதைச் சொல்லுமே தவிர எத்தனை புலி என்று சொல்லாது. தடத்தை வைத்து எண்ணிய காலத்தில் ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஏட்டில் புலிகள் இருந்தன, காட்டில் ஒன்றுகூட இல்லை என்று 2005-ல் தெரியவந்தது. அதன்பிறகே நாடு முழுவதும் எண்ணும் முறை மாறியது.

இப்போது கணக்கைச் சொல்வது வரிகள். ஒரு புலியின் இடப்பக்க வரி அதன் வலப்பக்கத்தோடு ஒத்துப்போகாது. ஒரு பக்கப் படம் மட்டும் இருந்தால், இடப்பக்கம் தெரிந்த புலியும் வலப்பக்கம் தெரிந்த புலியும் ஒன்றா இரண்டா என்று சொல்ல முடியாது. அதனால்தான் 2 சதுர கி.மீ. கட்டத்துக்கு ஒரு ஜோடி கேமரா, புலி நடக்கும் பாதையின் இரு பக்கமும்.

உயரம் தரையிலிருந்து 40 முதல் 50 செ.மீ., அதாவது முழங்கால் அளவு. சரிவில் மரம் மேட்டில் நின்றால் மரத்தடியிலிருந்து அளக்கக் கூடாது, புலி நடக்கும் பாதையின் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். படத்தில் முதுகு மட்டும் விழும். பாதையின் நடுவிலிருந்து மூன்று, நான்கு மீட்டர் தள்ளிக் கட்டலாம். இரண்டும் நேருக்கு நேர் பார்த்தால் ஒன்றின் பிளாஷ் மற்றதன் படத்தை வெளுத்துவிடும், ஒன்றை ஒரு முழம் தள்ளி வைத்தால் போதும். கட்டி முடித்ததும் ஒருவர் பாதையில் தவழ்ந்து போய்ப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நடந்து பார்ப்பது சோதனையே அல்ல.

வெயில்தான் பெரிய எதிரி. இந்தக் கேமராவின் உணரி, உடல் சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பிடிக்கிறது. சித்திரை வெயிலில் காய்ந்த பாறை, பொழுது சாய்ந்த பிறகும் விலங்கின் உடல் அளவுக்குச் சுட்டுக்கொண்டிருக்கும். முன்னால் புலி போனாலும் கேமரா விழிக்காது. அதனால் பாறைக்கு எதிரே வைக்காமல், நிழல் விழும் மண்கரையைப் பார்த்து வைப்பது நல்லது. கிழக்கு மேற்காகத் திருப்பினால் காலை, மாலைச் சூரியன் நேராக லென்சில் அடிக்கும். முன்னால் ஒரு புல் தண்டு ஆடினாலும் நூற்றுக்கணக்கான வெற்றுப் படங்கள் சேர்ந்து பேட்டரி தீர்ந்துவிடும். கோடை மழை ஒன்று பெய்தாலே உண்ணிச்செடி துளிர்த்து மறைக்கும். பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டும், ஈரம் ஏறும், சிலிக்கா ஜெல் பை அவசியம். பேட்டரி மாற்றும்போது தேதியும் நேரமும் அழிந்துபோனால் ஜோடிப் படங்களைச் சேர்க்க முடியாமல் அத்தனை உழைப்பும் வீண். ஒவ்வொரு முறையும் கேமரா எண், தேதி, நேரம் எழுதிய அட்டையை முதலில் படம் பிடித்துவிடுவது இதற்காகத்தான்.

குறைந்தது 25 நாள்கள் ஓட வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் இழுக்கவும் கூடாது. இடையில் புலி சாகலாம், புதிது வரலாம், கணக்கின் அடிப்படையே குலையும்.

வழியில் புலியின் எச்சம் கிடைத்தால் கையுறை போட்டு, வெளிப்பூச்சை மட்டும் கொஞ்சம் சுரண்டி எத்தனால் குப்பியில் போட வேண்டும். குடலின் செல்கள் ஒட்டியிருப்பது அங்கேதான், டி.என்.ஏ. அதில்தான் கிடைக்கும். உள்ளே சொரசொரவென்று நீண்ட பழுப்பு மயிர் தெரிந்தால் புலி தின்ற இரை மிளாவாக (கடமான்) இருக்கலாம். நுண்ணோக்கியில் மயிரின் உள்தண்டு அமைப்பைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். மொத்தமாக அள்ளிவிடாதீர்கள். அது புலி தன் எல்லைக்கு இட்ட அடையாளம்.

இரையின் கணக்கு இல்லாமல் புலியின் கணக்குக்குப் பொருளில்லை. மிளா, புள்ளிமான், காட்டுப்பன்றி இவற்றுக்காக 2 கி.மீ. நேர்கோட்டுப் பாதையில் விடிந்ததும் நடப்பார்கள். கூட்டத்தில் எத்தனை, எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என மூன்றும் குறிக்கப்படும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும், தூரமானி கட்டாயம்.

மெமரி கார்டுகள் கீழே இறங்கிய பிறகு, ஒவ்வொரு வரிப் படத்தையும் அடுத்துள்ள பெரியாறு காப்பகத்தின் படங்களோடும் ஒப்பிடுகிறார்கள். மேகமலை முகட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம் என்பது புலிக்குத் தெரியாது. ஒப்பிடாமல் விட்டால் ஒரே புலி இரண்டு மாநிலத்திலும் எண்ணப்பட்டுவிடும்.