உப்புப் படாத படகு

விளம்பரத்தில் 'மோட்டர் யாட்', அதாவது உல்லாசப் படகு என்று போட்டிருந்தார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், நாலாபக்கமும் தேயிலை மலை சூழ்ந்த இலங்கையின் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் யாட் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எனக்கு வரவில்லை. நோர்வூட்டுக்கு மேலே நானும் மச்சானும் நடத்தும் நான்கு அறை விடுதியின் வாசலில் நின்றால் அந்தத் தண்ணீர் முழுவதும் தெரியும். வந்து இறங்குகிறவர்கள் பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே கேட்பது, "படகு இருக்கிறதா?" மூன்று வருடமாக இல்லை, இல்லை என்று சொல்லி அலுத்துப்போனவனுக்கு அந்த வெள்ளைப் படகின் படத்தைப் பார்த்ததும் சிரிப்பா வரும்?

21 அடி நீளம். முன்பக்கத்து அணியத்தில் இரண்டு பேர் படுக்கும் அளவுக்கு ஒரு சிறிய அறை, அதற்குள்ளேயே கழிப்பறை, தேநீர் போட ஓர் அடுப்பு மேடை. பின்னால் 40 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். விலை 18 இலட்சம் ரூபாய். அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: 'உப்புத் தண்ணீரே படாத படகு.'

அந்த ஒரு வரியில் மச்சான் விழுந்துவிட்டான். "கரையோரத்தில் வாங்கினால் எஞ்சினை உப்பு தின்றிருக்கும். இது புதிதாக லொறியில் ஏறி நேராக மலைக்கு வந்த படகு. முற்பணத்தைக் கொடுத்துவிடுவோம்" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 18 இலட்சத்தில் பாதி வங்கிக் கடன் என்பதால், நீர்கொழும்பில் முப்பது வருடமாகப் பைபர் படகு கட்டியும் பழுதுபார்த்தும் வரும் ஒருவரை வரவழைத்தேன். அங்கே எல்லோருக்கும் அவர் பாஸ்தான். பயணச் செலவு போக 15,000 ரூபாய் கேட்டார். இந்தப் பணத்தில் நல்ல உயிர்காப்பு அங்கிகள் வாங்கலாமே என்று மச்சான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

பாஸ் தொலைபேசியிலேயே இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, படகைத் தண்ணீரிலிருந்து கரையில் ஏற்றி வைத்திருக்க வேண்டும். மற்றது, நாங்கள் போகும்வரை எஞ்சினை இயக்கவே கூடாது. "சூடாகிவிட்ட எஞ்சின் யாருக்கும் நல்ல பிள்ளையாகத்தான் நடக்கும், தம்பி. குளிரில் முதல் இழுப்பில் எப்படி எழும்புகிறது என்று பார்க்க வேண்டும்."

இரவு ரயிலில் ஹட்டன் வந்து இறங்கியவர், காலை ஆறரைக்கு என்னோடு கரையில் நின்றார். பனி இன்னும் தண்ணீரை விட்டு எழும்பவில்லை. உரிமையாளர் ஓய்வுபெற்ற பெரிய மனிதர், நயமாகப் பேசுகிறவர். எங்களுக்கு முன்பே வந்து, பிளாஸ்கில் தேநீரோடு காத்திருந்தார். பாஸ் தேநீரை வாங்குவதற்கு முன் எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்து கிடந்தது. "ஐயா சொன்ன சொல் காப்பவர்" என்றார். அதன் பிறகுதான் தேநீர்.

முதலில் எஞ்சினின் அடிப்பகுதியில் இருக்கும் கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்தார். அது பால் தேநீர் நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருளாம். எங்களுக்கு வந்தது தெளிந்த பிளேன்டீ. பிளக்குகளைக் கழற்றி மூன்று சிலிண்டரிலும் அழுத்தமானி வைத்தார். 175, 172, 170. ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் யோசிக்க வேண்டும் என்றார். அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளவென்று எஞ்சினில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டி புத்தம் புதிதுபோல் முழுதாக இருந்தது. நான் மகிழ்ந்தேன். அவர் மகிழவில்லை. நன்னீரில் துத்தநாகத்தின் மேல் ஒரு படலம் கட்டிவிடும், பிறகு அது வேலையே செய்யாது, நன்னீருக்கு மக்னீசியம் போட வேண்டும் என்றார். முழுதாக இருப்பது நல்லதற்கு அடையாளம் அல்ல என்பதை அன்றைக்கு முதல் தடவையாகக் கேட்டேன். காதில் வாங்கினேனே தவிர மனதில் வாங்கவில்லை.

படகைத் தண்ணீரில் இறக்கினோம். எஞ்சின் இரண்டாவது முயற்சியில் பிடித்தது. பக்கத்துத் துளையிலிருந்து குளிர்விக்கும் தண்ணீர் விரல் தடிப்பில் ஒழுங்காகப் பீய்ச்சியது. நடுநீருக்குப் போய் முழு வேகத்தில் விட்டோம். சுழற்சிமானி 4,400க்கு மேல் ஏற மறுத்தது. அந்த எஞ்சினுக்கு அது 5,000க்கும் 6,000க்கும் இடையில் நிற்க வேண்டும். எஞ்சினில் கோளாறோ என்று நான் பாஸைப் பார்த்தேன்.

"கோளாறு எஞ்சினில் இல்லை, காற்றில் இருக்கிறது. உங்கள் ஊரில் காற்று மெலிந்தது. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் நூற்றுக்கு மூன்று பங்கு பலம் குறையும். நீர்கொழும்பில் 40 குதிரை இழுக்கும் இடத்தில் இங்கே 36கூட இழுக்காது. அதற்கு மேல் கழிப்பறையும் அடுப்பும் சுமை." படகைத் தள்ளும் விசிறியாகக் கடற்கரைக்கென்று பொருத்தியதையே இங்கும் வைத்திருக்கிறார்கள், பிட்சு, அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம், இரண்டு அங்குலம் குறைந்த விசிறி போட்டால் 400 சுற்றாவது கூடும் என்றார். உரிமையாளர் இத்தனை வருடத்தில் இதை ஒருவரும் தனக்குச் சொல்லவில்லை என்று வியந்தார். எனக்கோ பாதி பாரம் இறங்கிவிட்டது. விசிறிதானே, மாற்றினால் போயிற்று. சிவனொளிபாதமலை பக்கமிருந்து வெயில் மெல்ல இறங்கிவர, என் மனதில் விடுதியின் பெயர் படகின் பக்கவாட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. நீல எழுத்து.

மறுபடி கரையேற்றியபோது அந்த எழுத்து கொஞ்சம் கலைந்தது. காலையில் இறக்கியது சரிவில் வழுக்கிக்கொண்டு போனது, சுமை தெரியவில்லை. ஏற்றுவதற்கு ஏழு பேரும் தோட்டத்திலிருந்து வந்த ஒரு டிராக்டரும் தேவைப்பட்டன. பாஸ் வாய் திறக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் பையிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்தார். அணியத்திலிருந்து தொடங்கி ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்தார். பலாப்பழம் வாங்குகிறவர் தட்டுவதுபோல், தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பது. டக், டக், டக். இறுக்கமான, உலர்ந்த ஓசை. வெயில் பட்ட இடத்தில் மயிர்க்கோடுபோல் சில வெடிப்புகள் இருந்தன. அவை மேல்பூச்சு மட்டும்தான் என்று தாண்டிப் போனார். அடிப்பக்கத்தில் மிளகளவு நாலைந்து கொப்புளங்கள். ஒன்றைக் குத்தி முகர்ந்து பார்த்தார், என்னையும் முகரச் சொன்னார். காடி நாற்றம். பைபருக்குள் நீர் கசிந்திருக்கிறது, ஆனால் இது உயிர்போகும் வியாதி இல்லை என்றார்.

எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகைக்கு வந்தார். டக், டக், பொத்.

அந்த ஓசையை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. நனைந்த சாக்கைத் தட்டினால் வருமே, அது. உரிமையாளருக்கும் கேட்டது. அவர் வேறு பக்கம் திரும்பவில்லை, அதையும் சொல்ல வேண்டும். குனிந்து தன் விரலாலேயே தட்டிப் பார்த்தார். பாஸ் எஞ்சினின் கீழ்ச் செட்டையில் ஒரு காலை வைத்து அழுத்தினார். எஞ்சின் அசைவது இயல்பு. அதோடு பலகையும் சேர்ந்து வயிற்றைப்போல் உள்வாங்கி வெளிவந்தது. ஆழம் காட்டும் கருவியைப் பிடித்திருந்த ஒரு திருகாணியை, உரிமையாளரிடம் கேட்டுவிட்டுக் கழற்றினார். துளையிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்தது. திருகாணியின் மரையில் ஒட்டிக்கொண்டு வந்தது மரமா என்று தெரியவில்லை. அதை என் உள்ளங்கையில் தட்டினார். வடியில் மிஞ்சும் தேயிலைச் சக்கைதான். பிசைந்தால் விரலில் கரைந்தது.

"ஆனால் இது உப்பே படாத படகு" என்றேன். ஏதோ நானே விற்பவன்போல.

"அதுதான் தம்பி விஷயம். கருவாட்டை எதில் போட்டு வைக்கிறோம்? உப்பு இரும்பைத் தின்னும், மரத்தை வைத்திருக்கும். மரத்தை அழுகவைப்பது நன்னீர். அதிலும் மழைத்தண்ணீர்."

இரண்டு பைபர் தோலுக்கு நடுவே ஒட்டுப்பலகை வைத்துத்தான் அந்தப் பின்பகுதியைக் கட்டுகிறார்கள். ஒரு திருகாணியின் ஓரத்தில் பசை விட்டுப்போனால் போதும், மழை உள்ளே போகும், வெளியேற வழியில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடத்தில் இந்தப் படகு வருடக்கணக்காகத் தார்ப்பாய் இல்லாமல் நின்றிருக்கிறது. எஞ்சினைக் காப்பாற்றிய அதே மலைதான் பலகையை அழித்திருக்கிறது.

பழுதுபார்க்க முடியாதா? முடியும். எஞ்சினை இறக்கி, உள்தோலை வெட்டி, அழுகியதை எல்லாம் சுரண்டியெடுத்துப் புதுப் பலகை வைத்து ரெசின் ஊற்ற வேண்டும். ஆனால் இங்கே வைத்துச் செய்ய அவர் ஒத்துக்கொள்ளவில்லை. குளிரிலும் ஈரத்திலும் ரெசின் ஒழுங்காக இறுகாது. லொறியில் ஏற்றி, கினிகத்தேனை வளைவுகளையெல்லாம் தாண்டி நீர்கொழும்புக்கு இறக்கி, உலரவிட்டு, வேலை முடித்து, மறுபடி ஏற்ற வேண்டும். லொறிக் கூலியோடு நான்கு இலட்சத்துக்குக் குறையாது என்று ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

பத்திரங்களில் குறை இல்லை. எஞ்சின் இலக்கமும் சுங்கத் தாளும் ஒத்துப்போயின. நீர்த்தேக்கத்தில் படகு விடும் அனுமதி மட்டும் உரிமையாளர் பெயரில் இருந்தது. எங்கள் பெயருக்கு நாங்களே புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும் என்றார்.

அன்று இரவு மச்சானும் நானும் கணக்குப் போட்டோம். 18இல் நான்கைக் கழி, விசிறிக்குக் கழி, கொப்புளத்துக்குக் கழி. 13 என்றால் வாங்கலாம் என்று மச்சான், 12 என்று நான். அம்மா கொழுந்து மலையில் முப்பத்தைந்து வருடம் நின்றவர், படகில் ஏறியதே இல்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே, "தண்ணீர் வற்றினால் இதை எங்கே கட்டுவீர்கள்?" என்று கேட்டார்.

நாங்கள் இருவரும் அதை யோசிக்கவே இல்லை. அம்மா பிறந்தது மஸ்கெலியா பக்கம். 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் கட்டி பழைய நகரம் மூழ்கியபோது சிறுமி. இன்றும் கடும் வறட்சியில் அங்கே பழைய கோயில் தலைகாட்டும், ஆட்கள் சேற்றில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். காசல்ரீயும் அதேபோலத்தான். 1965இல் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டியது மின்சாரத்துக்கு, எங்கள் விருந்தினருக்கு அல்ல. நோட்டன் பிரிஜ் மின்நிலையத்தில் இயந்திரம் சுழல வேண்டுமென்றால் தண்ணீர் போகும். மழை பிந்தினால் கரை கீழே கீழே இறங்கும், நடுவில் மிஞ்சுவது வழுக்கும் சேறும் பழைய மரக்கட்டைகளும். அந்தச் சேற்றுக்குள் எந்த டிராக்டர் இறங்கி ஒரு டன்னுக்கு மேலான யாட்டை இழுக்கும்?

அந்த இரவுச் சாப்பாட்டில்தான் மச்சானின் 13உம் என் 12உம் 10 ஆயிற்று. அந்த விலைக்கு அவர் தரமாட்டார் என்று தெரிந்தே சொன்னோம் என்று இப்போது தோன்றுகிறது. வேண்டாம் என்று நேரே சொல்லும் துணிவு இருவருக்கும் இல்லை. உரிமையாளர் கோபிக்கவில்லை. "எஞ்சினே அவ்வளவு பெறும், தம்பி" என்றார். அதுவும் உண்மைதான். எஞ்சினை மட்டும் தருவீர்களா என்று கேட்டதற்கு, எஞ்சின் இல்லாத படகை வைத்துக்கொண்டு நான் கோழியா வளர்ப்பது என்று சிரித்தார்.

பாஸிடம் சொன்னபோது அவர் ஒரு திறந்த 16 அடிப் படகைப் பற்றிப் பேசினார். அறை இல்லை, அடுப்பு இல்லை, 15 குதிரை எஞ்சின், ஆறு பேர் தூக்கிவிடலாம். மச்சானுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. கழிப்பறை இல்லாத படகை விருந்தினர் படம் பிடிப்பார்களா என்று கேட்கிறான். யாரும் கழிப்பறையைப் படம் பிடிப்பதில்லை என்றேன்.

மூன்று வாரம் கழித்து உரிமையாளர் அழைத்தார். விலையைக் குறைக்கத்தான் அழைக்கிறார் என்று எழுந்து வாசலுக்குப் போய்ப் பேசினேன். கீழே வெள்ளைப் படகு தெரிந்தது, அதன்மேல் புதிதாக ஒரு நீலத் தார்ப்பாய். அவர் கேட்டது பாஸின் தொலைபேசி இலக்கத்தை.